ஒளிரும் சிலிக்கான் நானோதுகள்: பக்கெட்டையும் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்

முதலில் ஒரு கள்ளநோட்டு விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக் கல்லாவில் வைத்திருப்பார்களே, அந்த ஊதா டார்ச். வேலூர் பஜார் பக்கம் எலெக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அலைநீளம் 365 நானோமீட்டர் என்று போட்டிருக்க வேண்டும். மலிவாகக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் 395. அதைப் போட்டதுமே கண்ணுக்குப் பளிச்சென்று ஊதா வெளிச்சம் தெரியும். அந்த ஊதாவில், நாம் செய்யப்போகும் சிலிக்கான் நானோதுகளின் (மீட்டரில் நூறு கோடியில் சில பங்கே அளவுள்ள துகள்) மங்கலான ஒளி கரைந்துபோய்விடும். 365 மங்கலாகத்தான் எரியும். உங்கள் பையில் இருக்கும் ரூபாய் நோட்டின் வரிசை எண் மேல் அடித்துப் பாருங்கள். எண்கள் ஒளிர்ந்தால் விளக்கு வேலை செய்கிறது. கண்ணுக்கு நேராக மட்டும் பிடிக்காதீர்கள்.

நான் காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் எம்.எஸ்சி. இறுதியாண்டுப் பிள்ளைகள் பிராஜெக்ட்டுக்கு வருவார்கள். பாதிப் பேருக்கு மருந்து சம்பந்தப்பட்ட தலைப்புதான் வேண்டும். குறை சொல்ல முடியாது. தினமும் பஸ்ஸில் சி.எம்.சி. மருத்துவமனை வாசலைத் தாண்டித்தான் வருகிறார்கள். இடா ஸ்கடர் சாலையில் வங்காளியில் போர்டு வைத்த லாட்ஜுகள், கையில் எக்ஸ்ரே கவரோடு நடக்கும் வெளியூர்க்காரர்கள், இதையெல்லாம் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு புற்றுநோய் மருந்தைத் துகளில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா? அவர்களுக்கு வருடா வருடம் வாயால் சொல்வதை இந்த முறை எழுதிவைக்கிறேன்.

விளக்கு வந்ததும் ஆய்வகத்தை இருட்டாக்கிவிட்டு எது எது ஒளிர்கிறது என்று ஒரு சுற்று வாருங்கள். துவைத்த வெள்ளை கோட் நீலமாக எரியும். சோப்புத்தூளில் போடும் வெளுப்பான் அது. ஏ4 காகிதம் எரியும். சில டிஷ்யூ பேப்பர் எரியும். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெண் சோதனைக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். “அக்கா, கண்ணாடியே பச்சையா மின்னுது!” என்றாள். விரலைக் காட்டச் சொன்னேன். காலையில் மஞ்சள் பூசிக் குளித்திருக்கிறாள். நகக்கண்ணில் இருந்த மஞ்சள்தான் குழாயில் விரல் ரேகையாக ஒட்டி மின்னியிருக்கிறது. அன்றிலிருந்து கையுறை போடாமல் யாரையும் குழாயைத் தொடவிடுவதில்லை.

சரி, சிலிக்கான் ஏன் ஒளிர வேண்டும்? கட்டியாக இருக்கும் சிலிக்கான் ஒளிராது. கம்ப்யூட்டர் சில்லு மேல் டார்ச் அடித்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. 1990ல் இங்கிலாந்தில் லீ கேனம் என்பவர், சிலிக்கானை அமிலத்தில் அரித்துத் துளைத்துளையாக்கினால் அறை வெப்பத்திலேயே சிவப்பாக ஒளிர்கிறது என்று காட்டினார். சுமார் 5 நானோமீட்டருக்குக் கீழே போனால் எலக்ட்ரானுக்கு இடம் நெருக்கடியாகிவிடுகிறது. அந்த நெருக்கடியில், எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி விரிகிறது, ஒளி கண்ணுக்குத் தெரியும் பக்கம் வருகிறது. துகள் சிறுக்கச் சிறுக்க நிறம் சிவப்பிலிருந்து நீலம் நோக்கி நகர வேண்டும். கேட்மியத்தில் செய்யும் நானோ படிகமான குவாண்டம் டாட் இதைவிட அழகாக ஒளிரும். ஆனால் கேட்மியம் விஷம். சிலிக்கான் உடம்பில் கரைந்தால் சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரில் போய்விடும். மருத்துவத்துக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான்.

உமி வேண்டாம்

என் அப்பா ஆரணியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கெழுதியவர். ஆலைக்குப் பின்னால் மலை மாதிரி குவிந்திருக்கும் உமியில் விளையாடித்தான் வளர்ந்தேன். ஆகவே உமியிலிருந்து நானோ சிலிக்கான் எடுக்கலாம் என்று யாராவது வந்தால் எனக்கும் ஆசைதான். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. இலவசமாகவும் கிடைக்கிறது.

ஆனால் சிலிக்காவும் சிலிக்கானும் ஒன்றல்ல. சிலிக்கானோடு ஆக்ஸிஜன் சேர்ந்தது சிலிக்கா. சிலிக்காவிலிருந்து ஆக்ஸிஜனைப் பிடுங்க மக்னீசியத் தூளோடு சேர்த்து 650 டிகிரி சுமாரில், காற்றுப் படாமல் சூடாக்க வேண்டும். அந்த வினை தானாகவே வெப்பம் கக்கும். உள்ளே வெப்பம் எங்கே போய் நிற்கும் என்று உங்கள் ஃபர்னஸின் டிஸ்ப்ளே காட்டாது. மக்னீசியம் கொஞ்சம் கூடிவிட்டால் மக்னீசியம் சிலிசைடு உருவாகும். அதை அமிலத்தில் போட்டால் சிலேன் வாயு வரும். சிலேன் காற்றுப் பட்டதுமே தானாகப் பற்றிக்கொள்ளும். படபடவென்று பட்டாசு மாதிரி வெடிக்கும். அதற்கும் மேலே, மிச்ச சிலிக்காவைக் கரைக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் கேட்பார்கள். தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் உள்ளே இறங்கி, எலும்பிலும் ரத்தத்திலும் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் அமிலம் அது. மூன்று மாத பிராஜெக்ட்டுக்கு அந்த பாட்டிலை என் ஆய்வகத்துக்குள் விடமாட்டேன்.

கொதிக்காத வழி

நாம் செய்யப்போவது தண்ணீரில், அறை வெப்பத்தில், அரை மணி நேரத்தில் முடிகிற முறை. மூலப்பொருள் அமினோப்ரொப்பைல் ட்ரைஎத்தாக்ஸி சிலேன். ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது ஆப்டெஸ். ஒரு முனையில் நைட்ரஜன் உள்ள அமீன், மறுமுனையில் சிலிக்கானோடு ஒட்டிய மூன்று எத்தாக்ஸி கைகள். தண்ணீர் பட்டால் அந்தக் கைகள் ஆல்கஹாலாகக் கழன்று, சிலிக்கான்கள் ஆக்ஸிஜன் வழியாக ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். இந்தக் குணம்தான் நமக்கு வேண்டியது. பாட்டிலைக் கெடுப்பதும் இதே குணம்தான். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் நாலு தடவை திறந்து மூடினால் போதும், அடியில் வெள்ளையாக ஜெல் கட்டிவிடும். வாங்கிய அன்றே நைட்ரஜன் ஓடவிட்டு, சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து மூடிவையுங்கள். நல்லதா என்று பார்க்க ஒரு வழி: இரண்டு மில்லி தண்ணீரில் நாலைந்து சொட்டு விடுங்கள். குழாய் லேசாகச் சூடாகும், நீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும். வெள்ளையாகத் திரிதிரியாக வந்தால் அந்தக் குப்பியைத் தள்ளிவையுங்கள். புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஹூட்டுக்குள் கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும்; தோலையும் கண்ணையும் அரிக்கும் சரக்கு.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. நம்மூர் போர் தண்ணீர் எப்படி என்று குக்கரின் அடியைப் பார்த்தாலே தெரியும். கேன் தண்ணீரும் உதவாது. பாடப்புத்தகத்தில் வாலை வடிநீர் என்று போட்டிருக்குமே, அதை இரண்டு முறை வடித்தது வேண்டும்.

காலையில் வந்ததும் சோடியம் அஸ்கார்பேட் (வைட்டமின் சி-யின் உப்பு) கரைசல் தயார் செய்யுங்கள். 0.198 கிராமை 10 மில்லியில் கரைத்தால் 0.1 மோலார். நேற்று மாலை கரைத்ததைத் தொடாதீர்கள். அஸ்கார்பேட் காற்றில் கெட்டு மஞ்சளாகும், அந்த மஞ்சளும் ஒளிரும். குடுவையில் 8 மில்லி தண்ணீர் எடுத்து, கால் மணி நேரம் நைட்ரஜன் குமிழி விடுங்கள். சிலிண்டர் இல்லையென்றால் பக்கத்து ஆய்வகத்தில் பலூனில் பிடித்து வரலாம். ஸ்டிரர் சுற்றும்போதே 2 மில்லி ஆப்டெஸை சொட்டுச் சொட்டாக விடுங்கள். பத்து நிமிடம் கழித்து 2.5 மில்லி அஸ்கார்பேட். அப்புறம் இருபது முப்பது நிமிடம் சுற்றவிட்டால் போதும். கரைசல் மெல்ல மஞ்சளாகும். டார்ச் அடித்தால் பச்சை. முதல் தடவை பார்க்கும்போது யாருக்கும் ஒரு சத்தம் வாயிலிருந்து வந்துவிடும். எனக்கும் வந்தது.

ஆய்வுக் கட்டுரைகளில் அறை வெப்பம் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். யாருடைய அறை? ஜனவரியில் நம் ஆய்வகம் 24 டிகிரி. கத்திரி வெயிலில், கரண்ட் போய் ஏ.சி. நின்ற மதியத்தில் 38. ஒரே கையால் செய்த இரண்டு தொகுதிகள் நிறத்தில் வேறு வேறாக வந்தன. குடுவையை ஒரு தண்ணீர்த் தொட்டியில் உட்காரவைத்துத் தெர்மாமீட்டரும் போடுங்கள். மே மாதம் ஐஸ் துண்டு போட்டாவது 30ல் நிறுத்துங்கள். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் வெப்பநிலையையும் எழுதுங்கள்.

அஸ்கார்பேட்டுக்குப் பதில் சிட்ரிக் அமில உப்பான சிட்ரேட் போட்டு மைக்ரோவேவில் 160 டிகிரிக்குச் சூடாக்கும் முறையும் உண்டு. சீனாவின் சூச்சௌ பல்கலைக்கழகத்தார் 2013ல் வெளியிட்டு, உலகம் முழுக்கப் பரவியது. நீலமாக வரும். அதற்கென்று செய்த, அழுத்தம் தாங்கும் கருவி வேண்டும். வீட்டு மைக்ரோவேவில் மூடிய பாட்டிலை வைப்பவர்கள் என்னிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளட்டும் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லமாட்டேன். வைக்கவே கூடாது.

பக்கெட்

கிடைத்த கரைசலை அப்படியே கொண்டுபோய், ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரோமீட்டரில் வைத்து, ‘எங்கள் சிலிக்கான் நானோதுகள் ஒளிர்கிறது’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைத்தான் நானும் எம்.ஃபில். படிக்கும்போது செய்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். நாலு மாதம் செய்தேன். கிராஃப் எல்லாம் லட்சணமாக வந்தது. சுத்தம் செய்துவிட்டால் எழுதத் தொடங்கலாம் என்று, சின்ன மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் நுண்துளை டயாலிசிஸ் பையில் கட்டி, பெரிய பீக்கர் கிடைக்காததால் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அதில் மிதக்கவிட்டேன். இரவு ஏழு மணி இருக்கும், கரண்ட் போனது. பை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க டார்ச்சை அடித்தேன். பை கறுப்பாகக் கிடக்கிறது. பக்கெட் முழுக்கப் பச்சை. கதவைப் பூட்ட வந்த வாட்ச்மேன் தாத்தா எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, பக்கெட்ல மின்மினி புடிச்சி உட்டுக்கிறியா?” என்றார்.

மறுநாள் வழிகாட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “அந்தத் தண்ணியை ஊத்திடு” என்றார்.

நான் ஊற்றவில்லை. நீங்களும் ஊற்றாதீர்கள். பக்கெட்டில் இருந்தது என்னவென்றால், பையின் துளை வழியாக வெளியேறிவிடக்கூடிய சின்ன மூலக்கூறு. ஒளிர்ந்தது அதுதான். என் பையில் மிச்சம் இருந்த ‘நானோதுகள்’ ஒளிரவே இல்லை.

ஒரு கணக்கு போடுவோம், அப்போது சந்தேகம் எங்கே வருகிறது என்று புரியும். 2 மில்லி ஆப்டெஸில் சுமார் 8.5 மில்லிமோல் சிலிக்கான். 2.5 மில்லி அஸ்கார்பேட்டில் 0.25 மில்லிமோல். ஓர் அஸ்கார்பேட் இரண்டு எலக்ட்ரான் தரும். ஆப்டெஸில் உள்ள சிலிக்கானை உண்மையான சிலிக்கானாக மாற்ற நான்கு எலக்ட்ரான் வேண்டும். எல்லா எலக்ட்ரானும் ஒன்றுகூட வீணாகாமல் போய்ச் சேர்ந்தாலும் மாறுவது நூற்றுக்கு ஒன்றரை சிலிக்கான்தான். அதற்கு மேல், சிலிக்கான் ஆக்ஸிஜனை விட்டு வருவதற்கு 650 டிகிரியும் மக்னீசியமும் தேவைப்பட்டதை இப்போதுதான் பார்த்தோம். வைட்டமின் சி அதை அறை வெப்பத்தில், தண்ணீரில் செய்துவிடுமா? சிட்ரேட் முறையிலும் இதே கேள்விதான். சிட்ரிக் அமிலமும் அமீனும் சேர்ந்து சூடானால் சிட்ரஸினிக் அமில வகை மூலக்கூறுகள் வரும். அவை சிலிக்கானே இல்லாமல் பளிச்சென்று நீலமாக ஒளிரும். இந்த வகைத் துகள்களில் உண்மையில் ஒளிர்வது எது என்று இன்றும் ஆய்வாளர்களுக்குள் சண்டை இருக்கிறது. நீங்கள் அந்தச் சண்டையைத் தீர்க்க வேண்டாம். உங்கள் குழாயில் எது ஒளிர்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கு நாலு குழாய் போதும். ஒன்று, முழு வினை. இரண்டாவது, அஸ்கார்பேட் இல்லாமல் ஆப்டெஸ் மட்டும். மூன்றாவது, ஆப்டெஸ் இல்லாமல் அஸ்கார்பேட் மட்டும். ஆனால் ஆப்டெஸ் கரைசல் நல்ல காரம் என்பதால் இதிலும் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.எச்.சை அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நாலாவது குழாயைத்தான் யாரும் செய்வதில்லை: ஆப்டெஸுக்குப் பதில் சிலிக்கானே இல்லாத ஓர் அமீன், பியூட்டைல் அமீன் மாதிரி ஏதாவது, அதே மோல் அளவு, அதே அஸ்கார்பேட். இந்த நாலாவது குழாய் அதே பச்சையில் எரிந்தால், உங்கள் பச்சைக்கும் சிலிக்கானுக்கும் சம்பந்தம் குறைவு. நாலையும் வரிசையாக நிறுத்தி ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்துவையுங்கள். வைவாவில் நூறு கிராஃபை விட அந்தப் படம் பேசும்.

டயாலிசிஸுக்கு 1000 டால்டன் பை. டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு; சுமார் 1000க்குக் கீழே உள்ளவை வெளியேறும். ஆப்டெஸ் எட்டு மூலக்கூறு சேர்ந்து கூண்டாக நிற்பது ஒரு பொதுவான அமைப்பு. அதன் எடை சுமார் 880. அதுவே இந்தப் பையைத் தாண்டிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பையை நனைத்து மென்மையாக்கி, கரைசல் ஊற்றி, மேலே கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டுக் கட்டுங்கள். தண்ணீர் உள்ளே ஏறிப் பை உப்பும். முதல் நாள் நாலு மணிக்கொரு தரம், அடுத்த இரண்டு நாள் காலை மாலை என்று வெளித் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணீரில் 10 மில்லி எடுத்து லேபிள் ஒட்டிவையுங்கள். கடைசித் தண்ணீர் இருட்டாகவும் பை வெளிச்சமாகவும் இருந்தால் உங்களிடம் ஏதோ இருக்கிறது.

சுத்தமானதை அடுப்பில் வைத்து உலர்த்தாதீர்கள். அமீன் சிலேன்கள் ஒன்றோடொன்று இறுகி, திரும்பத் தண்ணீரில் கரையாத பிசினாகிவிடும். கரைசலாகவே 4 டிகிரியில் வையுங்கள். ஒரு மில்லியை மட்டும் எடை பார்த்த தட்டில் உலர்த்தி, ஒரு மில்லிக்கு எத்தனை மில்லிகிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அளப்பது

அடர்த்தி கூடினால் ஒளி கூடும் என்று நினைக்கிறார்கள். ஒரு குழாயில் அடர்த்தியான கரைசலை எடுத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். ஒளி படும் ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைக் கோடு, நடுவில் இருட்டு. தண்ணீர் சேர்க்கச் சேர்க்கப் பச்சை உள்ளே நகர்ந்து குழாய் முழுக்கப் பரவும். முன்வரிசையில் நிற்கும் துகள்களே வெளிச்சத்தை எல்லாம் குடித்துவிட்டால் பின்வரிசைக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் அப்சார்பன்ஸ், அதாவது ஒளியை உறிஞ்சும் அளவு, 0.1க்குக் கீழே இருக்கும்படி கலக்கச் சொல்வது.

உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு பங்கு ஒளிர்வாகத் திரும்புகிறது என்பதுதான் குவாண்டம் யீல்டு. அதற்கு ஒப்பிட குயினைன் சல்ஃபேட் நல்லது. நீர்த்த சல்ஃப்யூரிக் அமிலத்தில் அதன் மதிப்பு 0.54. அது நீலம் என்பதால் நீலத் துகளுக்குப் பொருத்தம். பச்சைக்கு ஃப்ளூரசீன் எடுக்கலாம். உதாரணத்துக்கு, தூண்டும் அலைநீளத்தில் குயினைனின் அப்சார்பன்ஸ் 0.048, உங்களுடையது 0.050, ஒளிர்வுப் பரப்பு குயினைனுக்கு 100, உங்களுக்கு 31 என்றால், 0.54 × 0.31 × (0.048 ÷ 0.050). 0.16 வரும், அதாவது 16 சதவீதம். இரண்டுமே தண்ணீர்க் கரைசல் என்பதால் ஒளிவிலகல் எண் திருத்தம் தேவையில்லை.

இன்னொரு பொறி. தூண்டும் அலைநீளத்தை மாற்றினால் ஒளிர்வு உச்சியும் நகர்கிறது என்று சந்தோஷமாக வருவார்கள். வெறும் தண்ணீரை வைத்து ஓட்டிப் பாருங்கள். 365ல் தூண்டினால் 417 பக்கம் ஒரு சின்ன மேடு, 400ல் தூண்டினால் 463 பக்கம். அது துகளே அல்ல, தண்ணீர் மூலக்கூறு ஒளியை அலைநீளம் மாற்றிச் சிதறடிக்கும் ராமன் சிதறல். நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமன் பெயரில் உள்ளதை நாம் வேறு பெயரில் எழுதினால் நன்றாகவா இருக்கும்?

சிலிக்கான்தானா என்று பார்க்க, எக்ஸ் கதிரால் படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி.யில் 28.4, 47.3, 56.1 டிகிரியில் கோடுகள் வர வேண்டும். 22 பக்கம் பரந்த மேடு மட்டும் வந்தால் அது சிலிக்கா வகை, இல்லையென்றால் கண்ணாடி ஸ்லைடே காட்டுகிற மேடு. அணு எதோடு பிணைந்திருக்கிறது என்று காட்டும் எக்ஸ்.பி.எஸ். கருவி கிடைத்தால் இன்னும் நல்லது: சிலிக்கான் என்றால் 99 எலக்ட்ரான்வோல்ட் பக்கம், ஆக்ஸிஜனோடு பிணைந்தது என்றால் 102, 103 பக்கம். இந்த முறையில் செய்ததில் எனக்கு இதுவரை 102தான் வந்திருக்கிறது. டெம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்துக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் கருவி மையமான சைஃப் மாதிரி இடங்களில் முன்பதிவு செய்துவிட்டு, காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் போய்வரலாம். மாதிரியை வைக்கும் மெல்லிய வலையான கிரிட் உள்ள டப்பாவை டிபன் டப்பாவுக்குள் வைத்து எடுத்துப் போவேன், நசுங்காது. தயிர்சாதம் வேறு டப்பாவில்.

இதனால் பெயர் வைப்பதில் ஜாக்கிரதை. பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைக்க வேண்டாம். சிலிக்கான் கோடுகள் இல்லையென்றால் ‘ஒளிரும் ஆர்கனோசிலிக்கா நானோதுகள்’ என்று எழுதுங்கள். மதிப்பெண் குறையாது.

மருந்து ஏற்றுவது

டாக்சோரூபிசின் கேட்காதீர்கள். புற்றுநோய் மருந்து என்பது செல்லைக் கொல்லும் சரக்கு, அதைக் கையாளத் தனி ஏற்பாடு வேண்டும். அது இருக்கட்டும், வேதியியலே ஒத்துவராது. நம் துகளின் மேல் அமீன், நேர்மின்சுமை. டாக்சோரூபிசினும் நேர்மின்சுமை. இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். டைக்லோஃபெனாக் சோடியம் எடுங்கள். முட்டிவலிக்குப் போடுகிற மருந்துதான். எதிர்மின்சுமை, விலை குறைவு, 276 நானோமீட்டரில் அளக்கலாம்.

10 மில்லிகிராம் துகளுக்கு 2 மில்லிகிராம் மருந்து, 10 மில்லி தண்ணீரில், பி.எச். 7ல், இரவு முழுக்கச் சுற்றவிட்டு, 3000 டால்டன் வடிகட்டிக் குழாயில் சென்ட்ரிஃப்யூஜ் செய்யுங்கள். கீழே இறங்கியது ஒட்டாத மருந்து. அது 1.3 மில்லிகிராம் என்றால் ஒட்டியது 0.7. பிடிப்புத் திறன் 35 சதவீதம். மொத்த எடையில் மருந்தின் பங்கு 10.7ல் 0.7, அதாவது 6.5 சதவீதம். இரண்டும் வேறு வேறு எண். முதலாவது பெரிதாக இருக்கிறது என்பதற்காக அதை மட்டும் எழுதுகிற வழக்கம் வேண்டாம். மருந்து மட்டும், துகள் மட்டும் என்று இன்னும் இரண்டு குழாய்களையும் வடிகட்டிப் பாருங்கள். வடிகட்டியே கொஞ்சம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் மீதி அஸ்கார்பேட் இருந்தால் அதுவும் 265 பக்கம் உறிஞ்சி உங்கள் 276ஐக் கெடுக்கும்.

வெளியேறுவதை அளக்க, ஏற்றிய துகளைப் பையில் கட்டி 37 டிகிரியில் 50 மில்லி பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) போடுங்கள். பி.எச். ரத்தத்துக்கு 7.4, செல்லுக்குள் உள்ள அமிலப் பைகளுக்கு 5.5 என்று இரண்டு. குறித்த நேரங்களில் 1 மில்லி எடுத்தால் 1 மில்லி புது பஃபர் ஊற்ற வேண்டும். எடுத்ததில் போன மருந்தையும் கணக்கில் கூட்ட வேண்டும். கூடவே வெறும் மருந்தை மட்டும் இன்னொரு பையில் கட்டிப் போடுங்கள். வெறும் மருந்தே பையை விட்டு வெளியேற நேரம் எடுக்கும். அந்தத் தாமதத்தைத் துகளின் சாமர்த்தியமாக எழுதிவிடக் கூடாது. மே மாதம் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். நம் வாட்டர் பாத்துக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும். அறையே 39ல் இருந்தால் அது எப்படி 37 காட்டும்?

உடம்புக்குள் படம்

இருட்டில் போன் டார்ச்சை விரலுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாகத் தெரியும். வெள்ளை வெளிச்சத்தில் இருந்த நீலமும் பச்சையும் எங்கே போயின? ரத்தமும் சதையும் விழுங்கிவிட்டன. நம் பச்சைத் துகளை உடம்புக்குள் விட்டால் அதன் ஒளிக்கும் இதே கதிதான். செல்களைத் தட்டில் வளர்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கத்தான் இது உதவும். அதிலும், துகள் போடாத செல்லைக் கட்டாயம் படம் எடுக்க வேண்டும். செல்லுக்குள் இருக்கும் பொருட்களே யூ.வி.யில் நீலமாக ஒளிரும்.

உள்ளே போய் வெளியே தெரிய வேண்டுமானால் 650லிருந்து 900 நானோமீட்டர் வரையிலான ஒளி வேண்டும். சான் டியாகோவில் மைக்கேல் சைலர் குழு 2009ல் செய்து காட்டியது அந்த வகை. மின்சாரத்தில் அரித்த, உண்மையான நுண்துளைச் சிலிக்கான். எலிக்குள் ஒளிர்ந்தது, டாக்சோரூபிசினைச் சுமந்தது, சில வாரங்களில் கரைந்து வெளியேறியது. இன்னொரு பக்கம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வீஸ்னர் குழு, சிலிக்காவுக்குள் சாயத்தைப் பூட்டி 10 நானோமீட்டருக்கும் குறைந்த துகள் செய்தார்கள். 2011ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை மனிதரில் சோதிக்க அனுமதி தந்தது. அதில் ஒளிர்வது சாயம் என்று அவர்களே முதலில் சொல்லிவிட்டார்கள். சுமை தூக்குவது சிலிக்கா, வெளிச்சம் சாயத்துடையது. அதில் என்ன கௌரவக் குறைச்சல்? அளவு சின்னதாக இருப்பதற்கும் காரணம் உண்டு. சுமார் 5.5 நானோமீட்டருக்கு மேலே போனால் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பத் திணறும். மருந்தும் புரதமும் ஒட்டிய பிறகு உள்ள அளவைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் செல்களை, அதாவது செல் லைனை, புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் வாங்கலாம். உயிருள்ள செல் ஒரு சாயத்தை ஊதாவாக்குவதை வைத்துக் கணக்கிடும் எம்.டி.டி. சோதனையில், செல் இல்லாத குழியில் துகளை மட்டும் போட்டு ஒரு வரிசை வையுங்கள். துகளே சாயத்தை ஊதாவாக்கிவிட்டால் செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும். எலி, மனித ரத்தம் என்று போனால் நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி கையில் வந்த பிறகுதான்.

கடைசியாக, குடுவை. வேலை முடிந்த அரை மணிக்குள் கழுவுங்கள். ஆப்டெஸ் கண்ணாடியோடு நிரந்தரமாக உறவு கொண்டாடும். காய்ந்துவிட்டால் என்ன தேய்த்தாலும் போகாது, அடுத்தவர் வினையில் உங்கள் பச்சை தெரியும். ஒளியை அளக்க வைக்கும் குவார்ட்ஸ் குவெட்டில் சுத்தம் செய்யாத கரைசலை ஊற்றவே கூடாது. எங்கள் ஆய்வகத்தில் இந்த வேலைக்கென்று மூன்று குடுவைகளின் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சால் வளையம் போட்டு, தனி அலமாரியில் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.